நான் சாகப்போகும் தேதி குவெக் அம்மாளுக்குத் தெரியும்

சிங்கப்பூர்,
செவ்வாய்க்கிழமை, பசியாறிய பிறகு

மலேசியாவின் மூவார் ஊரில் அத்தை வீட்டில் தங்கியிருக்கும் மகள் லே பெங்குக்கு, அப்பா சியா கிம் சுவான் எழுதுவது.

நான் சாகப்போகிறேன் என்ற செய்தியை எனக்குச் சொல்லாமல், கீழே உணவங்காடியில் மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் விற்கும் குவெக் அம்மாளுக்குச் சொல்லியிருக்கிறாய். இது தவறு. எனக்கு இரண்டாவதாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கோப்பிக்கடை ஆ லெக்குக்குத் தெரிகிறது. என்னோடு சீனச் சதுரங்கம் ஆடும் ஆ பூனுக்குத் தெரிகிறது. மேசை துடைக்கிறவர்களுக்குத் தெரிகிறது. சாகப்போகிறவனுக்கு மட்டும் தெரியாது.

முறைப்படி முதலில் நலம் விசாரித்திருக்க வேண்டும். விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். நீயும் அத்தையும் அத்தையின் கஞ்சிக்கடையும் நலமாக இருக்க வேண்டும். நான் இங்கு நலம் என்று எழுதுவது வழக்கம். எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை.

கைப்பேசியில் கேட்கலாமே என்பாய். கேட்டேன். நீ “அப்பா, இங்க லைன் சரியில்லப்பா” என்று வைத்துவிட்டாய். மறுபடி அடித்தால் அத்தை எடுத்து, “அவ தூங்கிட்டாண்ணே, விடிகாலை மூணு மணிக்கு எந்திரிக்கணும்ல” என்றாள். காப்புறுதி அலுவலக வேலையாகத்தானே மூவாருக்குப் போனாய், இன்சூரன்ஸ்காரர்களுக்கு விடிகாலை மூன்று மணிக்கு என்ன வேலை? தகப்பனை நினைத்துத் தூக்கம் வராமல் எழுந்து உட்காருகிறாய் என்று புரிந்துகொண்டேன். அதற்குமேல் கேட்கவில்லை. கடிதத்துக்கு லைன் தேவையில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று நீ யோசிப்பாய். நான் பள்ளிக்கு நான்கு வருஷம்தான் போனேன், மற்றதையெல்லாம் பழைய செய்தித்தாளில் நானே படித்துக்கொண்டேன், ஆனால் முப்பத்தேழு வருஷம் மின்தூக்கி பழுதுபார்த்தவன். கடகட என்று சத்தம் போடும் மின்தூக்கியில் பயமில்லாமல் ஏறலாம். தினமும் சத்தம் போட்ட மின்தூக்கி ஒருநாள் சத்தமில்லாமல் இறங்கினால் உடனே எல்லாரையும் வெளியேற்ற வேண்டும். குவெக் அம்மாள் சத்தமில்லாமல் இறங்குகிறார்.

அந்த அம்மாளிடம் இருபத்தாறு வருஷமாகச் சாப்பிடுகிறேன். ஒருநாளும் நல்ல வார்த்தை கேட்டதில்லை, எதிர்பார்த்ததும் இல்லை, அவருடைய மீக்கு இருக்கும் பெயரில் பாதி அந்த வாய்க்குத்தான். சூப்பா, உலர்ந்ததா என்று ஒரு வினாடி யோசித்தால் போதும், “வீட்லயே யோசிச்சிட்டு வரக்கூடாதா பெரியவரே? பின்னாடி நிக்கிறவனுக்குப் பேரன் பொறந்திடும்!” என்பார். நீ மூவாருக்குப் போன மறுநாள் புதன்கிழமை நான் வழக்கம்போல யோசித்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “வாங்க அங்கிள். அவசரமே இல்ல, மெதுவா யோசிங்க” என்றார். யாரிடம் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. “நீங்க போய் உக்காருங்க, நானே கொண்டாந்து தர்றேன்” என்றார். அவருடைய கடை நெற்றியில் ‘நீங்களே எடுத்துச் செல்லவும்’ என்று நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது! கிண்ணம் வந்தது. உருண்டைகளை எண்ணினேன். ஆறு. உலகம் தெரிந்த நாளிலிருந்து அங்கே ஐந்துதான். ஒருமுறை நான்குதான் இருக்கிறது என்று நான் புகார் சொன்னபோது, அவர் அடுப்பை விட்டு வந்து, என் மீயைக் கிளறி, அடியில் கிடந்த ஐந்தாவதைக் கரண்டியில் ஏந்தி வரிசை முழுவதற்கும் காட்டிவிட்டுப் போனவர். அப்படிப்பட்டவர் ஆறு போடுகிறார் என்றால் அந்த ஆறாவது உருண்டை என் தொண்டையில் இறங்குமா? இறங்கவில்லை. ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

அன்றைக்கே கோப்பி வாங்கப் போனேன். ஆ லெக் சுவர் விசிறியை என் மேசைப் பக்கம் திருப்பிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். கோப்பியில் சீனியின் நிழல்தான் இருந்தது.

“என்னடா இது, வெந்நியா?”

“சீனியக் கொறைச்சிட்டேன் அங்கிள். நீங்க மனச அமைதியா வச்சுக்கணும்.”

“மனசுக்கும் சீனிக்கும் என்னடா சம்பந்தம்?”

“கோவப்படாதீங்க அங்கிள், கோவப்படாதீங்க” என்று இரண்டு கையையும் விரித்து, கட்டவிழ்ந்த நாயைச் சமாதானப்படுத்துகிறவன் மாதிரிப் பின்னால் நகர்ந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் இதைவிட மோசம். பன்னிரண்டரை மணிக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். விசிறிக்குக் கீழே ஒரு மேசையில் டிஷ்யூ பொட்டலத்தை வைத்து இடம் பிடித்துவிட்டு, வாத்துச் சோறு வாங்கிக்கொண்டு திரும்பினால், என் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு நான்கு அலுவலகக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி. மூன்று நாளைக்குப் பிறகு சண்டை போட ஒரு நியாயமான காரணம் கிடைத்தது. தட்டை வைத்துவிட்டு வாயைத் திறந்தேன். அதற்குள் கொதிக்கிற தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுக் குவெக் அம்மாள் ஓடிவந்து அவர்கள் காதில் ஏதோ சொன்னார். நான்கு பேரும் சட்டென்று எழுந்தார்கள். ஒருத்தி நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உடம்பப் பாத்துக்கங்க அங்கிள்” என்றாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கொண்டுபோய் வைக்க எழுந்தேன். முன்பின் தெரியாத ஒருவன் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனான். தன் தட்டைத் தானே திருப்பி வைக்காவிட்டால் இந்த ஊரில் அபராதம். அந்தச் சட்டத்துக்கும் அப்பாற்பட்டவன் ஆகிவிட்டேன். உயிரோடு இருப்பவனை யாராவது இப்படி நடத்துவார்களா?

ஆ பூன் ஒருவனாவது பழையபடி இருப்பான் என்று நம்பினேன். ஒரு சிப்பாய்க்காகப் பத்தொன்பது வருஷமாக என் சட்டையைப் பிடிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை தன் தேரை என் பீரங்கிக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தான்.

“கண்ணு அவிஞ்சு போச்சாடா?”

“தெரியுது, தெரியுது. நீயே வெட்டிக்க.”

“நான் என்ன பிச்சையா கேட்டேன்?”

“ஒரு ஆட்டத்துல என்னடா இருக்கு? நாம இன்னும் எத்தன நாளு? புள்ளைங்க என்ன முடிவு எடுத்தாலும் மனசார வாழ்த்திட்டுப் போயிடணும்டா, கிம் சுவான்.”

தேரை வெட்டாமல் எழுந்து வந்துவிட்டேன். அவன் என்னைக் கூப்பிட்டுச் சண்டை போடவும் இல்லை.

அன்றிரவு படுத்துக்கொண்டு நீ என்னை அழைத்துப்போன அரசாங்கப் பலதுறை மருந்தகத்தை நினைத்துப் பார்த்தேன். நான் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மருத்துவர் உன்னிடம் ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் பேசினார். நீ உதட்டை மடித்துக்கொண்டு தலையாட்டினாய். வெளியே வந்து, “ஒன்னுமில்லப்பா, பிரஷர் கொஞ்சம் கூட இருக்கு” என்றாய். கொஞ்சம் கூட இருப்பதற்கு ஐந்து நிமிஷமா? ஆ பூனின் பித்தப்பையை எடுத்தபோது அவன் மகனிடம் இரண்டு நிமிஷம்தான் பேசினார்கள். ஒரு உறுப்புக்கு இரண்டு நிமிஷம் என்றால் எனக்கு எத்தனை உறுப்பு போயிருக்கிறது என்று நீயே கணக்குப் போடு.

நேற்று மூன்று மணிக்குக் கூட்டமில்லாத நேரம் பார்த்துக் குவெக் அம்மாளிடம் நேராகப் போனேன். அவர் உருண்டைக்கு மீன் அரைத்துக்கொண்டிருந்தார்.

“எம் மக ஒங்ககிட்ட என்ன சொன்னா?”

“எதப் பத்தி?” என்றார். முகம் மாறிவிட்டது.

“மறைக்காதீங்க. எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு.”

“ஐயோ, தெரிஞ்சுபோச்சா? யாரு சொன்னா? அந்த ஆ லெக்கா? அவன் வாயில சுடுதண்ணிய ஊத்த!”

“யாரோ சொன்னாங்க. எப்பன்னு மட்டும் சொல்லுங்க.”

“அடுத்த மாசம் எட்டாந்தேதி.”

கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். “தேதியே குறிச்சாச்சா?”

“தேதி மட்டுமா? காலையில ஏழு மணி பத்து நிமிஷம்னு நல்ல நேரமும் பாத்தாச்சு. ஒங்க தங்கச்சிதான் கோயில்ல கேட்டாங்களாம்.”

“தங்கச்சிக்கும் தெரியுமா?”

“அவங்க இல்லாம எப்படி? அன்னிக்கு நாங்க எல்லாரும் நிப்போம் அங்கிள். பூ வளையத்துக்கு ஆ லெக் சொல்லிட்டான். பெரிசா ரெண்டு. ஒங்க மக தைரியசாலி, அவ தாங்கிக்குவா. நீங்கதான் கோவப்படாம தாங்கணும். டாக்டரே சொல்லியிருக்காராமில்ல?” என்று சொல்லி, ஒரு உருண்டையை வேகவைத்து ஊதி ஆறவைத்து என் கையில் கொடுத்தார். குழந்தைக்குக் கொடுக்கிறதுபோல. வாங்கித் தின்றேன். வேறு என்ன செய்வது?

நல்ல நேரம் பார்த்துச் சாகிற மருத்துவம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் படித்த செய்தித்தாளில் வரவில்லை. ஆனால் நீங்கள் எல்லாம் படித்தவர்கள். வரும் வழியில் சமூக மன்றத்தில் பிரஷர் பார்க்கும் இயந்திரத்தில் கையை விட்டுப் பார்த்தேன். இதுவரை வராத அளவுக்குப் பெரிய எண் வந்தது. ஊரே சேர்ந்து என்னை அமைதிப்படுத்தியதன் பலன் அது.

எனக்குப் பயமில்லை என்று எழுத நினைத்தேன். பயமாகத்தான் இருக்கிறது. உன் அம்மா போனபிறகு தனியாகச் சாப்பிட வெட்கப்பட்டுத்தான் கீழே இறங்கிப் பழகினேன். அங்கே என்னைத் திட்ட ஆளிருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் பத்தொன்பது நாள் எப்படிப் போகும்?

ஆகவே செய்ய வேண்டியது இது. நீ உடனே புறப்பட்டு வந்து, எந்த உறுப்பு என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாவுச் சடங்கு நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், மூன்று நாள் போதும், ஐந்து நாள் வைத்து அக்கம்பக்கத்தாரைப் படுத்தக்கூடாது. ஆ பூனைப் பாட விடக்கூடாது, அவன் கேட்பான். வருகிறவர்களுக்குப் பெட்டியில் வரும் ஆறிப்போன பீஹூன் சேமியா கொடுத்தால் நான் எழுந்து உட்காருவேன். வாத்துச் சோற்றுக்காரனிடம் நானே பேசிவிடுகிறேன். படத்துக்கு அடையாள அட்டையில் இருப்பது வேண்டாம், அதில் திருடன் மாதிரி இருக்கிறேன். குவெக் அம்மாள் நாளையிலிருந்து எனக்கு ஐந்து உருண்டைதான் போட வேண்டும், வாயார நாலு திட்டும் திட்ட வேண்டும். இதை நீ அவருக்குத் தொலைபேசியில் சொல்.

உன்மேல் கோபமிருந்தாலும் சாபமில்லை. நீ நீண்ட நாள் இருந்து, நல்ல பசியோடு உட்கார்ந்து, சூடாகச் சாப்பிட்டு வாழ வேண்டும் என்று உன் அம்மாவின் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிவிட்டு இதை முடிக்கிறேன். அத்தைக்கு என் விசாரிப்பு. அவளோடு எனக்குப் பேச்சு இல்லை என்பதையும் சொல்லிவிடு.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: மேலே உள்ளதைக் கிழித்துப் போடு. கடிதத்தைப் பெட்டியில் போடக் கீழே இறங்கினேன். உணவங்காடியின் மூலையில், எட்டு மாதமாகக் கதவு இறக்கியிருந்த பதினேழாம் எண் கடைக்கு ஏணி போட்டு இரண்டு பேர் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பலகையில் ஆளுயரத்துக்கு நீ. ஏப்ரன் கட்டிக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டு. பக்கத்தில் ‘லே பெங் மீன் கஞ்சி, எட்டாம் தேதி திறப்பு.’ குவெக் அம்மாள் என் முதுகுப் பக்கம் வந்து நின்று, “பிரஷர் மாத்திரை போட்டுட்டீங்களா அங்கிள்?” என்றார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நான் சாகவில்லையாம். நீ காப்புறுதி வேலையை விட்டுவிட்டு அத்தை கடையில் மீன் அறுக்கக் கற்றுக்கொள்கிறாயாம். நீ வந்து சொல்லும்வரை எனக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி எல்லாரிடமும் சத்தியம் வாங்கினாயாம்.

முதல் தவறைவிட இது பெரிய தவறு. உன்னைக் குளிர்சாதன அறையில் உட்கார வைக்கத்தான் நான் முப்பத்தேழு வருஷம் மின்தூக்கிக் குழிக்குள் இறங்கி ஏறினேன். நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. நீ வந்ததும் சத்தம் போடுவேன், தடுக்க ஆள் வைக்காதே.

அதற்கு முன் செய்ய வேண்டியவை. நீ: பலகையில் எழுத்து சின்னது, கண்ணாடி இல்லாதவனுக்குத் தெரியாது, மாற்றச் சொல். புகைபோக்கியைத் தட்டிப் பார்த்தேன், உள்ளே தளர்ந்திருக்கிறது. அதை யாரும் தொடக்கூடாது, வியாழக்கிழமை நான் சரிசெய்கிறேன். அத்தை: இஞ்சியை அள்ளிப் போடுவாள், அந்தப் பழக்கத்தை உனக்குக் கற்றுத் தரக்கூடாது. ஆ லெக்: பூ சிவப்பாக மட்டும் இருக்க வேண்டும், வெள்ளைப் பூ சாவுக்கு, நானே போய்ப் பார்ப்பேன். குவெக் அம்மாள்: உன் கடைக்கு நேராகத் தன் வரிசையை வளைய விடக்கூடாது. ஆ பூன்: சதுரங்க ஆட்கள் ஏழு பேரையும் அழைத்துக்கொண்டு அன்று காலை ஆறே முக்காலுக்கே உன் கடை முன் வந்து நிற்க வேண்டும். யார் கேட்டாலும் எதற்கு நிற்கிறோம் என்று சொல்லக்கூடாது. எட்டுக் கிழவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றால் பின்னால் முப்பது பேர் என்ன ஏது என்று கேட்காமல் வந்து நிற்பார்கள், இந்த ஊரை எனக்குத் தெரியும். நான்: எல்லாருக்கும் முதலில் நிற்பேன், உன்னோடு பேச மாட்டேன். நீ: என் கிண்ணத்தில் மெதுவாகவே ஊற்று, வரிசை சுருங்கிவிடக் கூடாது.