அரை மணி நேரத்தில் அப்பா வருவார்

அன்பும் அதட்டலும் சம அளவில் கலந்த என் அக்காவுக்கு, உன் ஒரே தம்பி பணிந்து எழுதுவது. இங்கே நான், என் மனைவி, நார்வேயிலிருந்து வந்திறங்கிய மகன், மருமகள், பேத்தி எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலியும் மாமாவின் முன்கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு உண்மையைக் கக்கிவிடுகிறேன். நான்கு மாதமாக நான் கழிப்பறைக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது மலச்சிக்கலால் அல்ல. உள்ளே ஒரு நோட்டை வைத்துக்கொண்டு நார்வே மொழி படித்தேன். பேத்தியைப் பிறந்ததிலிருந்து வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். அதில் அவள் கரடி பொம்மைக்கு அந்த மொழியில் ஏதோ பாடுவாள், நான் கூப்பிட்டால் சோபாவுக்குப் பின்னால் போய்விடுவாள். நேரில் வரும்போதாவது என்னோடு நாலு வார்த்தை பேச வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியில் மூன்று தடவை பெயிலானவன் நான் என்பது என் மனைவிக்குத் தெரியும், சொன்னால் தெருவே சிரிக்கும் என்றுதான் தாழ்ப்பாள். அவள் உன்னிடம் புலம்ப, நீ பேதி மருந்து பார்சல் அனுப்ப, பொய்யைக் காப்பாற்ற அதையும் ஒரு வாரம் குடித்துத் தொலைத்தேன். அந்த வாரம்தான் உண்மையிலேயே நிறையப் படித்தேன்.

அந்த மொழியில் காலத்தைச் சொல்வதற்கென்றே குட்டிக்குட்டி வார்த்தைகள் இருக்கின்றன அக்கா. இத்தனை வருஷமாக என்றால் 'ஈ'. திங்களன்று, செவ்வாயன்று என்றால் 'போ'. இன்னும் இவ்வளவு நேரத்தில் என்றால் 'ஒம்'. நான் உள்ளே "ஈ, போ! ஈ, போ!" என்று உருப்போட, வெளியே என் மனைவி "என்னங்க, ஈ மருந்து அடிக்கட்டுமா?" என்பாள். எதுவும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் இருபத்தாறு வருஷம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராகக் குப்பை கொட்டியது கைகொடுத்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நடைமேடை ஒதுக்கி, பஸ் அட்டவணை மாதிரி போட்டுவிட்டேன். 'இரண்டு வருஷத்துக்கு முன்' என்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை, பின்னால் ஒரு வார்த்தை. முன்னால் டிரைவர், பின்னால் கண்டக்டர், நடுவே பயணிகள். டக்கென்று பிடிபட்டது.

நேற்று வந்ததும் பேத்தி தூங்கிவிட்டாள். இன்று காலை முகத்தைச் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, 'நாலு வருஷமாக உனக்காகக் காத்திருக்கிறேன்' என்று பிசகில்லாமல் அவள் மொழியில் சொன்னேன். டிக்கெட் வாங்காதவனைச் செக்கர் பார்ப்பதுபோல் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்பனின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்கு முகம் விழுந்துவிட்டது. மகன்தான், "வாங்கப்பா, உங்க ஆபீஸைக் காட்டுங்க, பழகிடுவா" என்று தேற்றினான்.

போனோம். என் டைம்கீப்பர் கூண்டுக்குள் அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன். மகன் எங்களைப் படம் எடுக்க என் போனை வாங்கிக்கொண்டு, எதிரே நின்ற பதினோராம் நம்பர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் நின்றான். அவன் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது, அதை நினைவில் வை. மேஜை மேல் என் விசில். பொடிசு அதை எடுத்து ஊதினாள் பார், அப்படி ஒரு விசில் நானே ஊதியதில்லை. விசில் கேட்டால் யார் எவர் என்று பார்க்காமல் வண்டியை எடு என்று டிரைவர்களைப் பழக்கியவன் நான்தானே? என்றைக்கும் நேரத்துக்குக் கிளம்பாத பதினோராம் நம்பர் ஆறு நிமிஷம் முன்னதாகவே கிளம்பிவிட்டது. இடைநில்லா வண்டி வேறு. ஜன்னலில் என் மகன் வாயைப் பிளந்துகொண்டே போகிறான், பின்னால் கண்டக்டர் டீ டம்ளரோடு ஓடுகிறார்.

ஓடித் தோற்ற கண்டக்டர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "சார், எனக்கில்லாத அவசரம் வண்டிக்கு எதுக்கு சார்?" என்றார்.

"வாயை மூடும்யா, குழந்தை அழப்போகுது!"

அவள் உதடு பிதுங்கியது. "பப்பா?" என்றாள். அக்கா, உன் மருந்து குடித்த வாரத்தில்கூட நான் அப்படி ஓட இடம் தேடியதில்லை. நாலு மாதப் படிப்பும் மறந்துவிட்டது. ஈயா, போவா? கண்ணை மூடிக்கொண்டேன், மூன்றாம் நடைமேடை தெரிந்தது. "ஒம் என் ஹல் தீமெ!" என்றேன். இன்னும் அரை மணி நேரத்தில்! பிதுங்கிய உதடு சட்டென்று நேரானது. மெல்ல வந்து என் மடியில் ஏறி, என் கையைத் தடவிக்கொடுத்தாள். தாத்தாவின் மொழித்திறமைக்கு மரியாதை! கண்டக்டர், "எனக்கு எப்ப சார் வண்டி?" என்றார். "உமக்கும் ஒம் என் ஹல் தீமெதான்" என்றேன். கண்டக்டர் இல்லாததைப் பார்த்து டிரைவர் வழியிலேயே திருப்ப, சொன்னபடி அரை மணியில் பதினோராம் நம்பர் மகனோடு வந்து நின்றது. என் நிலையத்தில் நான் சொன்ன நேரம் பலித்தது சரித்திரத்தில் இதுவே முதல் தடவை. மேலதிகாரி விளக்கம் கேட்டிருக்கிறார், கேட்கட்டும்.

மாமாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. இனிமேல் மருந்து அனுப்பாதே.

உன் பன்மொழிப் புலவர் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அடுப்படியில் பேத்தியின் குரல், சுத்தமான தமிழில்: "பாட்டி, தாத்தா எல்லார்கிட்டயும் நல்லா பேசுறாங்க, என்கிட்ட மட்டும் ஏன் புரியாத மாதிரி பேசுறாங்க?" மகனைப் பிடித்து உலுக்கினேன். "நாங்க வீட்ல தமிழ்தானேப்பா பேசுறோம்? உங்க மருமகளை அசத்தத்தான் நார்வே மொழி பேசுறீங்கன்னு நினைச்சேன்" என்கிறான். சரி, பஸ் நிலையத்தில் நான் சொன்னதாவது புரிந்ததா என்று அவளையே கேட்டேன். "இல்ல தாத்தா. நீங்க அழப்போறீங்கன்னு தெரிஞ்சுது. அதான் நான் அழல."