முதல் பெண்மணியின் காலித் தட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் எழுதும் குறிப்புகள் அதைவிட நீளம். ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் மாநில முதல்வரின் மனைவிக்குத் தனிச் செயலாளராகச் சேர்ந்த புதிதில், அந்தக் குறிப்புகள்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தன.

ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய இன்னும் நான்கே நாள். அந்த நேரம் பார்த்து ஹம் நகரத் தமிழ்க் கத்தோலிக்க மாதர் சங்கம் அம்மையாரை மதிய விருந்துக்கு அழைத்தது. சமையல் என் அம்மாவின் பொறுப்பு. (இதை அலுவலகத்தில் மூச்சுவிடாமல் இருந்தது என் முதல் கெட்டித்தனம்.)

போகும் இடத்தின் பழக்கவழக்கங்களை அம்மையாருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. இம்முறை நம்மவர்கள் அல்லவா! பெரிய பண்பாட்டு அறிஞர் மாதிரி மூன்று பக்கம் எழுதினேன். கடைசி வரியை அடிக்கோடிட்டேன்: 'தட்டில் மிச்சம் வைத்தால் சமைத்தவர் மனம் நோகும்.'

அம்மையார் மூன்று இடியப்பத்தையும் தேங்காய்ப்பால் சொதியையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தார். காலித் தட்டை அம்மாவும் பார்த்தார்.

"பாவம், பசியோடை வந்திருக்கிறா," என்று இன்னும் மூன்று வைத்தார். அதுவும் போனது. மறுபடி மூன்று, அதன்மேல் இன்னும் மூன்று.

"காணும் அம்மா, விடுங்கோ!" என்று தடுத்தேன்.

"நீ சும்மா இரு. சாப்பாட்டை ஆரும் கேட்டே போடுறது?"

அம்மையாரின் காதில், "போதுமென்றால் விட்டுவிடலாம்," என்றேன்.

"அந்த அம்மாவின் மனம் நோகும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?" என்று கண் கலங்கக் கேட்டுவிட்டு, அடுத்த இடியப்பத்தைப் பிய்த்தார்.

போதுமென்றால் இரண்டு கைகளையும் தட்டின்மேல் விரித்து, குனிந்து மறைக்க வேண்டும். இது நமக்குப் பிறவியிலேயே தெரியும். அதனால் அதை மட்டும் நான் எழுதவில்லை.

பன்னிரண்டு இடியப்பம், இரண்டு வடை, பாயாசம். அங்கிருந்து நேராக ஒரு பாடசாலையின் சிறுவர் பாடல் நிகழ்ச்சிக்குப் போனோம். முதல் வரிசையில், இரண்டாம் பாட்டுக்கு முன்பே அம்மையார் என் தோளில் சாய்ந்து உறங்கிப்போனார். மறுநாள் பத்திரிகையில் எங்கள் இருவரின் படமும் வந்தது.

அம்மையார் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அந்த வேலை எனக்கு உயிர். சமைத்தது என் அம்மா என்பதையும் உளறிவிட்டேன். அம்மையார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அவரை எப்படி நிறுத்துவது?" என்றார்.

கோப்பித் தட்டு ஒன்றை வைத்துப் பழக்கினேன். மூன்றாம் தடவை சரியாக மறைத்தார். என் வேலையும் நிரந்தரமானது.

எங்கள் வீட்டில் அந்தச் சைகைக்கு இன்றும் 'முதல் பெண்மணி' என்றுதான் பெயர். நான் சமைக்கும் நாட்களில் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். போன மாதம் ஓர் அரச விருந்தில், பரிமாற வந்தவரைக் கண்டதும் அம்மையார் இரண்டு கைகளையும் விரித்துத் தட்டின்மேல் குனிந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். உடனே அம்மா தொலைபேசி எடுத்தார்.

"பாத்தனியே? அங்கத்தைச் சாப்பாடு வாயிலை வைக்க ஏலாது போலை. பாவம், ஒருக்கா இங்காலை கூட்டிக்கொண்டு வா."