ஒன்ஸ் மோர் தகப்பனார்

தகப்பனார்களில் எத்தனையோ வகை உண்டு. அடிக்கிறவர், அடிக்காமல் முறைக்கிறவர், முறைக்கக்கூட நேரமில்லாதவர். நான் சொல்ல வந்தது நாடகக் கொட்டகையில் அழுகிற தகப்பனாரை. குற்றாலத்தில் சாரல் தொடங்கி, தென்காசியில் நாடகக் கம்பெனிக்காரர்கள் கீற்றுக்கொட்டகை போட்டார்களோ இல்லையோ, இந்த ரகம் தோளில் துண்டோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும்.

எங்கள் ஆறுமுகநயினார் இந்த ரகத்தில் முதல் தரம். இந்த வருஷம் போட்டது பழைய ராஜா கதை. ராஜா மகளும் தோட்டக்காரன் மகனும் பிரியம் வைக்கிறார்கள். ராஜா பெண்ணை அறையில் பூட்டுகிறார். கடைசியில் இரண்டு பேரும் விஷம் குடித்துச் சாகிறார்கள். அவள் உயிரை விடுமுன் பாடுகிற பாட்டுக்கு நம்மவர் துண்டு நனைய அழுது, மூக்கைச் சிந்தி, எழுந்து நின்று, "ஒன்ஸ் மோர்!" என்று கத்துவார். செத்தவள் என்ன செய்வாள்? எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி பாடி, மறுபடி சாவாள். போன சனிக்கிழமை மூன்று தரம் சாகவைத்தார்.

மறுநாள் காலை பேரருவிக்கரையில் சுடலையாண்டி எண்ணெய் தேய்க்க, குப்புறப் படுத்தபடியே நயினார் தீர்ப்புச் சொன்னார்.

"அந்த ராஜாவத் தூக்குல போடணும்லே! ரெண்டு பச்சப் பிள்ளயளக் கொன்னுபோட்டானே!"

"அவருக்கு என்ன மனத்தாங்கலோ அண்ணாச்சி?" என்றார் சுடலையாண்டி, முதுகைப் பிசைந்துகொண்டே.

"என்ன இருந்தா என்னலே? பெத்த பிள்ளய விட மனத்தாங்கல் பெருசா?"

தங்கமான கேள்வி. வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம். எண்ணெயோடு சேர்த்து அருவியிலேயே கழுவிவிட்டு வந்தார்.

வீட்டில் என்ன நிலவரம்? இலத்தூர்ப் பள்ளிக்கூட வாத்தியார் தாணுவைத்தான் கட்டுவேன் என்கிறாள் மகள் செண்பகவல்லி. வெள்ளிக்கிழமை பெண் கேட்டு வந்தவர்களை நயினார் வாசலோடு அனுப்பினார். அன்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. பையன் உறவுக்காரன், நல்லவன், கைநிறையச் சம்பளம். பின்னே என்ன குறை? பதினாறு வருஷத்துக்கு முன் அந்த வீட்டுக் கல்யாணப் பந்தியில் நயினார் இலைக்கு அப்பளம் வைக்கவில்லை. பக்கத்து இலைக்கு வைத்தார்கள், இவரைத் தாண்டிப் போனார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கண் கலங்காது, சிவக்கும்.

"பிள்ள மூணு நாளா ஒரு பருக்கை தொடலியே!" என்றாள் மனைவி உலகம்மாள். "ராஜா மகளுக்கு மட்டும் அப்படி அழுதீகளாம்?"

"ஏட்டி, அது கதை. இது குடும்பம்."

இந்த ரகத்தார் அத்தனை பேரும் இந்த இடத்தில் இதையேதான் சொல்வார்கள். ஆனாலும் தகப்பன் மனசு. பெண்ணைத் தேற்ற அவருக்கு ஒரு வழி தோன்றியது.

"எந்திரிட்டி. இன்னைக்கும் அந்த நாடகந்தான். போவோம், நல்லா அழுதா மனசு லேசாவும்."

பாயில் கிடந்தவள் தலையைத் தூக்கவில்லை. தூக்கத் தெம்பில்லை.

"அங்க நீங்க ஒன்ஸ் மோர் கேட்டா அவ எந்திரிச்சு வந்திருவாப்பா. என்னால முடியாது."

நயினார் துண்டைத் தேடினார். அது தோளிலேதான் கிடந்தது. அரை மணி நேரத்தில் வண்டி பூட்டிக்கொண்டு இலத்தூருக்குப் போனார். செண்பகவல்லி கஞ்சி குடித்தாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கல்யாணத்தில் முதல் பந்தியில் நயினார் இலைக்கு நாலு அப்பளம் வைப்பதாக ஏற்பாடு. ராஜாவாயிற்றே, எல்லாவற்றையுமா விட்டுக்கொடுப்பார்?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்களும் நாடகம் பார்க்கிறவர்தானே. ராஜாவை வைதுகொண்டே வீடு வந்து சேர்ந்ததும், செருப்பைக் கழற்றுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பெண் இன்றைக்குச் சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.