மண்ணுக்குள் பார்க்கும் தேங்காய்

போர் நடந்த வன்னியைப் பார்க்க வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. ஆனையிறவில் இறங்கிப் படம் எடுப்பார்கள். கிளிநொச்சியில் இறங்கி றோல்ஸ் சாப்பிடுவார்கள். வழியில் துருப்பிடித்த இரும்பு எது கிடந்தாலும் அதன்மேல் ஏறி நின்று மறுபடியும் படம் எடுப்பார்கள். பிறகு ஒரு பெருமூச்சு, அதற்குப் பிறகு ஐஸ்கிறீம். இந்த ஒழுங்கில் கடைசியாக வந்து சேர்ந்தவர் தேங்காய்ச் சாமி. அவரைப் பார்க்காமல் திரும்பியவன் போர்க்களமே பார்க்கவில்லையாம்.

உடையார்கட்டுப் பக்கம் றோட்டோரத்தில் சாமியின் காணி. காலையிலேயே வான்கள் வரிசை கட்டி நிற்கும். இளநீர்க்காரன் ஒரு பக்கம், கச்சான் கடலை விற்கும் கச்சான்காரி ஒரு பக்கம், நடுவே ஒலிபெருக்கி தொண்டை கிழியக் கத்தும்: "மண் மறைத்ததைச் சாமி மறைக்க மாட்டார்!"

சண்டை நெருங்கியபோது சனம் தூக்க முடியாததையெல்லாம் மண்ணுக்குள் புதைத்துவிட்டு ஓடியது. தையல் மெஷின், பித்தளைக் கிடாரம், சைக்கிள், நகை. திரும்பி வந்து பார்த்தால் வீடும் இல்லை, வேலியும் இல்லை, அடையாளம் வைத்த மரமும் இல்லை. எங்கே என்று தோண்டுவது? அந்த இடத்தில்தான் சாமி வருகிறார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கப் போட்டுக்கொண்டு நடப்பார். பொருள் இருக்கிற இடம் வந்ததும் படுத்திருந்த தேங்காய் எழுந்து நிற்கும். தோண்டினால் பொருள் வரும். பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினால் எந்தத் தேங்காயும் எழும்பும் என்று சொல்லாதீர்கள். பக்தர்கள் பெருவிரலைப் பார்ப்பதில்லை.

"நான் புதைத்தது பூநகரியில் அல்லவா, இங்கே தோண்டி என்ன பலன்?" என்றும் கேட்கக்கூடாது. சாமி பூசை போட்டால் எங்கே புதைத்த பொருளும் மண்ணுக்கடியால் நடந்து சாமியின் காணிக்கே வந்துவிடும். பூநகரிக்கு ஒழுங்காக பஸ் கிடையாது. ஆனால் பூநகரிக் கிடாரம் காலையில் கூப்பிட்டால் மத்தியானம் வந்து சேர்ந்துவிடும்.

அன்றைக்கு வவுனியாவிலிருந்து வந்த றிஃபாத்தின் வானில் நாகேஸ்வரியும் புருசன் ஏரம்புவும் இருந்தார்கள். நாகேஸ்வரி வவுனியாவில் தையல் கடை வைத்திருப்பவள். சண்டைக்கு முன் உடையார்கட்டில் குடியிருந்தவள். அயலட்டைச் சனத்தோடு சேர்ந்து முல்லைத்தீவுக் கடலைப் பார்க்கத்தான் அவள் வந்தாள். ஏரம்பு வேறு எதற்கோ வந்திருக்கிறார் என்பது வான் மாங்குளம் தாண்டும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. மனுசன் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி இருந்தார்.

"இஞ்சாருங்கோ, பொக்கற்றுக்கை என்ன?"

"ஒண்டுமில்லையப்பா."

அவள் கையை விட்டு எடுத்தாள். மஞ்சள் துணி முடிச்சு. அதற்குள் மகள் யதுர்ஷிகாவின் சங்கிலி. அடுத்த மாதம் கலியாணம். இரவு பகலாக மெஷின் மிதித்து நாகேஸ்வரி செய்துவைத்த ஒரேயொரு நகை. அலுமாரிக்குள் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இதை ஏன் கொண்டு வந்தனீங்கள்?"

ஏரம்பு தலையைக் குனிந்துகொண்டார். "தங்கம் தங்கத்தை இழுக்குமாம். சாமின்ரை கலசத்துக்கை மூண்டு இரவு வைச்சால், புதைச்ச நகை எல்லாம் தன்ரை பாட்டிலை மேலை வருமாம்." பிறகு சங்கிலியைப் பார்த்தபடியே சொன்னார். "நான்தானே புதைச்சனான், நாகேஸ். உன்ரை நகை முழுக்க பிஸ்கற் ரின்னிலை போட்டு, மாமரத்துக்கு நேரை எண்டு நினைவு வைச்சனான். திரும்பி வந்து பாத்தால் மாமரத்தையே காணேல்லை."

இந்தக் கதையை அவர் எடுத்தால் நாகேஸ்வரிக்குக் கோபம் வருவதில்லை, நெஞ்சுதான் கனக்கும். உயிர் தப்பி வந்தது போதும் என்று அந்த ரின்னை அவள் எப்போதோ மறந்துவிட்டாள். மறக்காதவர் அவர்தான். அந்த மனுசனின் நெஞ்சுக்குள் கிடக்கும் முள்ளைத் தேடிப் பிடித்து ஒருவன் காசாக்கப் பார்க்கிறானே என்றபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அது சின்னக் கோபமும் அல்ல.

"சரி. சாமியை நானும் ஒருக்காப் பாக்கிறன்" என்றாள். "நான் சொல்லுமட்டும் சங்கிலி என்ரை கையிலைதான்."

காணிக்குள் நுழையும்போதே ஒரு பெண் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். கனடாவிலிருந்து வந்த பிரியந்தினி. மடியில் துருப்பிடித்த தையல் மெஷின் ஒன்று. சுற்றி நின்றவர்கள் அரோகரா போட்டார்கள். நாகேஸ்வரி தையல்காரி அல்லவா, கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"தங்கச்சி, இது உங்கட மெஷினேதானோ?"

"அம்மான்ரை மெஷின் அக்கா. அவா புதைச்சது கால் மெஷின். இது கை மெஷினாக் கிடக்கு..."

"பிறகு?"

"சாமியட்டைக் கேட்டனான். இவ்வளவு தூரம் நடந்து வந்ததிலை கால் தேய்ஞ்சு போச்சாம்."

நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து இன்னும் இரண்டு பேர் அரோகரா போட்டார்கள். பிரியந்தினியோ அந்த ஆனந்தத்தில் கையில் கிடந்த வளையல்களைக் கழற்றிச் சாமி தந்த கலசம் ஒன்றுக்குள் போட்டுவிட்டாளாம். அவளுடைய அம்மாவின் நகையும் மண்ணுக்கடியால் நடந்து வருகிறதாம்.

ஆளுக்கொரு கலசமாக அடுக்கியிருந்த ஓலைக் கொட்டிலின் வாசலில் சாமியின் உதவியாள் கோகுலன் கறுப்புக் கண்ணாடியோடு நின்றான். சாமி எந்த ஊர், கோகுலன் எந்த ஊர் என்று வன்னியில் எவருக்கும் தெரியாது. தெரிந்தால் சாமியாக இருக்க முடியாதே.

"இப்ப சாட்சிப் பொருளைச் சொல்லுங்க. நகையோட சேத்து வேற என்ன புதைச்சீங்க? சாட்சி எழும்பினாத்தான் தங்கம் எழும்பும். மத்தியானம் சாமி தேங்காய் எடுப்பார்."

"ஏன் தம்பி, மண்ணுக்கை கிடக்கிறது சாமிக்குத் தெரியாதோ? நாங்கள் சொல்லத்தான் வேணுமோ?"

"சாமிக்குத் தெரியும். பொருளுக்குத் தெரியணுமே, தன்னைத்தான் கூப்பிடுறாங்கன்னு."

நாகேஸ்வரி திரும்பிப் புருசனைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, வான்காரத் தம்பியோடை போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ." றிஃபாத் ஏரம்புவைக் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் மறைந்த பிறகு அவள் கோகுலனின் காதருகே குனிந்தாள்.

"றைஸ் குக்கர் தம்பி. வெள்ளை நிறம். கறண்டிலை சோறு காய்ச்சுறது. எங்கட கிணத்தடியிலை புதைச்சனாங்கள்."

கோகுலன் பக்தியோடு தலையாட்டினான். ஒரு சிரிப்பு இல்லை, ஒரு சந்தேகம் இல்லை. அந்தத் தலையாட்டலிலேயே நாகேஸ்வரிக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

வான் முல்லைத்தீவுக் கடலுக்குப் போனது. நாகேஸ்வரி சின்னப் பிள்ளை மாதிரிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்றாள். என்னவென்று தெரியாமலேயே றிஃபாத்துக்கும் சிரிப்பு வந்தது. "அக்கா இண்டைக்கு ஏதோ செய்யப் போறா" என்றான். ஏரம்பு மட்டும் மணலில் குந்தியிருந்து, பிஸ்கற் ரின் எந்தப் பாதையால் நடந்து வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது காணியில் நிற்க இடமில்லை. உடுக்கு அடித்தார்கள். சாமி வந்தார். சாமியின் வயிறு முதலில் வந்தது, சாமி பின்னால் வந்தார். கையில் தேங்காய். வேப்ப மரத்தைச் சுற்றினார், கொட்டிலைச் சுற்றினார். காணியின் பின்பக்கம் ஒரு வேலி நாடாவும் அதில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையும் தொங்கின. 'மிதிவெடி அபாயம்' என்று எழுதியிருந்தது. சாமி அந்தப் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை. நாகேஸ்வரி அதையும் கவனித்து வைத்தாள்.

புல் முளைக்காத ஒரு இடத்தில் தேங்காய் சட்டென்று எழுந்து நின்றது.

"அரோகரா!"

கோகுலன் மண்வெட்டியால் கொத்தினான். மண்ணோ அரித்த மா மாதிரி இளகிக் கிடந்தது. பொலித்தீன் ஒன்று தெரிந்தது. அதை உரித்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு றைஸ் குக்கர்! சனம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. எல்லாருடைய போனும் மேலே போயிற்று.

"அம்மா, பாருங்க!" என்று சாமி முழங்கினார். "பதினைஞ்சு வருசத்துக்கு மேல மண்ணுக்குள்ள கிடந்த உங்க பொருள். இது உங்களோடது. இனித் தங்கத்தைக் கொடுங்க!"

"என்ரைதான் எண்டு வடிவாத் தெரியுமோ சாமி?"

"தேங்காய் பொய் சொல்லுமா?"

"எல்லாரும் கேட்டனீங்கள்தானே? இது என்ரையாம்." நாகேஸ்வரி குனிந்து மூடியைத் திறந்தாள். உள்ளே அடிப்பிடித்த சோறு. விரலால் தொட்டுப் பார்த்தாள். பருக்கை இன்னும் ஈரம் காயவில்லை.

"பதினைஞ்சு வருசச் சோறு! பழுதாகேல்லை. நல்ல குக்கர்."

சிலர் சிரித்தார்கள். சிலர் அதையும் அற்புதமென்று கும்பிட்டார்கள். கும்பிடப் பழகிய கை அப்படித்தான், காரணம் கேட்காது. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஏரம்பு மெல்ல மெல்ல முன்னால் வந்தார். குக்கரைப் பார்த்தார். அதன் வயரைத் தூக்கிப் பார்த்தார்.

"நாகேஸ், எங்களிட்டை ஏது றைஸ் குக்கர்? அந்த நாளையிலை ஊருக்கே கறண்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கிலைதானே பிள்ளை படிச்சவள். மழை நாளிலை ஈர விறகை ஊதி ஊதி நீ கண்ணெரிய அழுதது எனக்குத் தெரியாதே?"

அவ்வளவுதான். அந்த மண்ணில் இருந்து ஓடிய சனம் அங்கே பாதிக்கு மேல் நின்றது. முதலில் ஒரு கிழவர் கெக்கட்டம் விட்டார். பிறகு கச்சான்காரி. பிறகு காணி முழுதும் சிரிப்பு வெடித்தது. கோகுலன் வன்னிக்காரனாக இருந்திருந்தால் காலையிலேயே சிரித்திருப்பான், பாவம். பழைய இரும்புக் கடையில் கிடாரம் வாங்கலாம், மெஷின் வாங்கலாம். றைஸ் குக்கருக்கு அவன் எங்கே போவான்?

அவன் எங்கே போனான் என்பதைச் சாமியின் சமையல்காரனே ஓடிவந்து சொன்னான். "கோகுலன் அண்ணை! குசினிக்குள்ள குக்கரைக் காணேல்ல! சாமிக்கு இராச்சாப்பாட்டுக்கு எதுல சோறு வைக்கிறது?" கூட்டத்தைக் கண்டான். குழியைக் கண்டான். "அட, இங்கயா கிடக்கு!"

நாகேஸ்வரி குக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். "இப்ப சொல்லுங்கோ சாமி. இது என்ரையோ, உங்கடையோ? உங்கடை எண்டால் தேங்காய் பொய். என்ரை எண்டால் இண்டைக்கு நீங்கள் பட்டினி."

சாமியின் கை தன்பாட்டில் மடியைப் பொத்தியது. அதற்குள் பிரியந்தினி கொட்டிலுக்குள் ஓடிப்போய்த் தன் கலசத்தைத் தூக்கிவந்து கவிழ்த்தாள். வளையலைக் காணோம். பொலபொலவென்று கொட்டியது துவக்குக் கோது, வெடித்த துப்பாக்கி ரவைகளின் பித்தளை வெற்றுக் கோதுகள். தூக்கிப் பார்த்தால் கனக்கும்தானே. மற்றவர்களும் தங்கள் கலசங்களைப் பாய்ந்து கவிழ்த்தார்கள். எல்லாவற்றிலும் கோது. இந்த மண்ணில் பஞ்சமில்லாத ஒரே சாமான்.

சாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். றோட்டுப் பக்கம் றிஃபாத் வானைக் குறுக்கே விட்டுவிட்டுப் பொலிசுக்குப் போன் எடுத்தபடி நின்றான். சாமி பின்பக்கம் திரும்பிப் பாய்ந்தார். மண்டையோட்டுப் பலகை கண்ணில் பட்டதும் கட்டிப்போட்டது மாதிரி நின்றார். ஒரு கால் தரையில், மற்றக் கால் அந்தரத்தில். மடி அவிழ்ந்து பிரியந்தினியின் வளையல்கள் கிலுங் கிலுங்கென்று விழுந்தன.

"ஓடுங்கோவன் சாமி!" என்று ஏரம்பு கத்தினார். அப்படிச் சத்தமாக அவர் கதைத்து நாகேஸ்வரி எத்தனையோ வருடமாகக் கேட்டதில்லை. "மண்ணுக்குக் கீழை கிடக்கிறது எல்லாம் உங்களுக்குத் தெரியுமே! இந்தாங்கோ, தேங்காய்!"

சாமி தூக்கிய காலை வெகு பவ்வியமாகத் திருப்பி வைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே குந்தினார். பொலிஸ் வரும்வரை அசையவில்லை. சாமியின் ஞானக்கண் அன்றைக்கு ஒரேயொரு உண்மையைத்தான் கண்டது. அதுவும் தகரத்தில் எழுதியிருந்ததால் கண்டது.

பின்னேரம் வான் வவுனியாவுக்குப் புறப்பட்டது. நாகேஸ்வரியின் மடியில் குக்கர். சாமியே சாட்சி சொல்லித் தந்த பொருளை விட்டுவிட்டு வருவாளா? பக்கத்தில் சம்பலுக்கு அந்தத் தேங்காய். யதுர்ஷிகாவின் சங்கிலி அவள் கைப்பையில். ஏரம்பு இரண்டு கையையும் சும்மா மடியில் வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"ரின் போகட்டுமப்பா" என்றாள் அவள். "நீங்கள் இருக்கிறியள். எனக்கு அது காணும்."

காணி வாசலில் அப்போதும் ஒரு கூட்டம் நின்றது. புதிதாக வந்த வானிலிருந்து இறங்கியவர்கள். ஒருவர் றிஃபாத்தின் யன்னலடிக்கு ஓடிவந்தார். "தம்பி, இந்தச் சாமி போனால் காரியமில்லை. இப்பிடிப் பாக்கிற வேறை சாமி ஆரும் பக்கத்திலை இருக்கினமோ?"

நாகேஸ்வரி தலையை வெளியே நீட்டினாள்.

"நகையைப் புதைச்ச இடம் மறந்தது பிழையில்லை ஐயா, குண்டு விழுந்த நேரம். புத்தியை எங்கை புதைச்சனீங்கள்? அதுக்காவது ஒரு அடையாளம் வைச்சனீங்களோ?"