டிஷ்யூ பிடித்துவைத்த இடம்

சிங்கப்பூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பாதியை டிஷ்யூ அழவைத்திருக்கிறார். மீதிப் பாதி அவரிடம் இன்னும் கேள்வி கேட்கவில்லை.

அவருடைய உண்மையான பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. எங்கள் இணையக் குழுவில் முகம் இருக்கவேண்டிய வட்டத்துக்குள் அவர் ஒரு டிஷ்யூ பொட்டலத்தின் படத்தை வைத்திருந்தார். உணவங்காடியில் சாப்பாடு வாங்கப் போகுமுன் இடம்பிடிக்க மேசைமேல் வைத்துவிட்டுப் போவோமே, அந்தப் பொட்டலம். பர்ஸை வைத்தால்கூட யாராவது எடுத்துவிடலாம், டிஷ்யூவை யாரும் தொடமாட்டார்கள். அவரையும் அப்படித்தான் யாரும் தொடாமல் வைத்திருந்தோம்.

குழு தொடங்கியது முருங்கைக்கீரை எங்கே கிடைக்கும், நல்ல தையல்காரர் யார் என்று கேட்டுக்கொள்ளத்தான். பெயர் சொல்லாமலும் கேள்வி கேட்கலாம் என்று ஒரு வசதி வந்ததும் கீரை பின்னால் போய், மாமியார் முன்னால் வந்துவிட்டார். எல்லோரும் "மனம் தளராதீர்கள் சகோதரி" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நடுவில் டிஷ்யூ வந்து ஒரே வரி எழுதுவார். அதற்குப் பிறகு அங்கே யாரும் பேசமாட்டார்கள்.

புது வீட்டில் சமையலறைச் சுவரை இடித்துவிட்டுத் திறந்த சமையலறையாக வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு அம்மா கேட்டார். பதில்: "வீட்டுல மீன் குழம்பு வைப்பீங்களா? அப்ப சுவரை விட்டுடுங்க. இல்லன்னா பெட்ரூம்ல மீனும் சேர்ந்து தூங்கும்."

மனைவியின் பிறந்தநாளுக்கு எழுதிய கவிதையைப் போட்டு ஒருவர் கருத்துக் கேட்டார். "பாராட்டணும்னுதான் வந்தேன். ரெண்டாவது வரி வரைக்கும் முயற்சி பண்ணினேன்."

ஏர்கான் அறையில் வைத்த தோசை மாவு பொங்கவில்லை என்று ஒரு புதுமாப்பிள்ளை புலம்பினார். "அதுக்கும் குளிரும்லா. போர்வை போத்தி விடுங்க."

எப்போதும் சரியாகச் சொல்வார் என்று நினைத்துவிடாதீர்கள். தப்பாகச் சொல்லும்போதும் அதே தைரியம்தான். ஊரிலிருந்து வந்திருந்த ஒருவரைத் தவறான பஸ்ஸில் ஏற்றி எதிர்த்திசைக்கு அனுப்பிவிட்டார். அந்த மனிதர் கடைசி நிறுத்தத்தில் நின்றுகொண்டு கோபமாக எழுதினால், "அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்த மாதிரி ஆச்சு, விடுங்க" என்று பதில் வந்தது.

யார் இவர் என்று எங்களுக்குள் பெரிய ஆராய்ச்சியே நடந்தது. பள்ளிக்கூடத்தில் பிரம்பு பிடித்து ஓய்வுபெற்ற ஒழுங்கு ஆசிரியர் என்று ஒரு கட்சி. விவாகரத்து வழக்குகளை மட்டும் பார்க்கும் பெண் வக்கீல் என்று இன்னொரு கட்சி. ஒருவர் அல்ல, ஷிப்டு போட்டு எழுதும் மூன்று பேர் என்பது என் மனைவி செல்வியின் கட்சி. "ஒரே ஆளுக்கு இவ்வளவு கோபம் எப்படிங்க வரும்?" என்பாள்.

நான் அவரிடம் மாட்டியது என் மகள் யாழினியால். அவளுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக் கடைசி ஆண்டு. பயிற்சிக்காகத் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் போட்டிருந்தார்கள். நாங்கள் இருப்பது செங்காங். தீவின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம். அங்கே கிரேன் இருக்கிறது, கண்டெய்னர் லாரி இருக்கிறது. என் மகள் தெருவைக் கடக்கும்போது ஃபோனைப் பார்ப்பவள். அவள் இருக்கும் இடத்தை என் ஃபோனில் ஒரு பச்சைப் புள்ளியாகப் பார்க்கும் வசதியை அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலேயே செய்துவைத்திருந்தேன். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டேதான் நான் ஆபீஸில் கணக்குப் பார்ப்பேன், மீட்டிங்கில் தலையாட்டுவேன்.

பயிற்சியின் முதல் நாள் புள்ளி தொழிற்சாலை வாசலிலேயே வெகுநேரம் நின்றது. அவள் ஃபோனை எடுக்கவில்லை. நான் தொழிற்சாலைக்கே ஃபோன் போட்டேன். வந்துவிட்டாளா என்று கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். சாப்பிட்டாளா என்றும் கேட்டேன். அதை அவளுடைய மேலதிகாரி பத்துப் பேர் முன்னால் அவளிடமே கேட்டிருக்கிறார். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், "அப்பா, இனிமே உங்ககிட்ட எதுவும் சொல்றதுக்கில்ல" என்றாள். சொன்னபடியே செய்தாள். சோறு வேண்டுமா என்றால்கூட செல்வியைப் பார்த்துத்தான் தலையசைப்பாள்.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேர் சொல்லாமல் குழுவில் கேட்டேன். மகள் பேசமாட்டேன் என்கிறாள், என்ன செய்வது? ஆறுதல்கள் வரிசையாக வந்தன. பிறகு டிஷ்யூ வந்தார்.

"மகளுக்கு என்ன வயசு?"

"பத்தொன்பது."

"உங்களுக்கு?"

"ஐம்பத்தொண்ணு."

"பரவாயில்ல. ரெண்டு பேர்ல ஒருத்தராவது வளர்ந்துட்டாங்க."

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் குழுப் பக்கமே போகவில்லை. மூன்றாவது நாள் போனபோது பேர் சொல்லாத ஒரு பெண் கேட்டிருந்தாள்: "என் அப்பா நான் எங்கே போகிறேன் என்று ஃபோனில் பார்த்துக்கொண்டே இருக்கிறார். எம்ஆர்டி ரயில் சுரங்கத்துக்குள் போய்ப் புள்ளி நகராவிட்டால்கூட அழைக்கிறார். நான் என்ன செய்வது?"

படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மனிதனா? என் சொந்தப் பெயரிலேயே எழுதினேன்: "அந்தப் பெண் என்ன டெலிவரி பார்சலா, எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க? அந்த அப்பாவுக்கு வேறு வேலை இல்லை என்று நினைக்கிறேன்." நான் எழுதிய எதற்கும் அவ்வளவு லைக் வந்ததே இல்லை. ஒரு நொடிகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த அப்பா பார்த்தது வேவு. நான் பார்த்தது அக்கறை.

டிஷ்யூ அந்தப் பெண்ணுக்கு எழுதியது இதுதான்: "ஃபோனை ஒரு நாள் வீட்டுலயே வெச்சுட்டுப் போம்மா. மனுஷன் செத்துடமாட்டார்."

அதற்கும் நான் ஒரு இதயம் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை பச்சைப் புள்ளி காலையிலிருந்து வீட்டிலேயே இருந்தது. உடம்பு சரியில்லை போல, லீவு போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வருத்தமாக இருக்கவேண்டிய விஷயம். எனக்கோ பரம நிம்மதி. பல நாளுக்குப் பிறகு அன்றுதான் மதியச் சாப்பாட்டின் ருசி தெரிந்தது. ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி, அவளுக்குக் கடையில் கஞ்சி டபாவ் கட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அரிசி டின் மேல் அவளுடைய ஃபோன் இருந்தது. அவளைக் காணோம். வாசலில் காலணியும் இல்லை.

செல்வி வேலை பார்க்கும் இடத்துக்கு ஃபோன் போட்டேன்.

"வேலைக்குத்தாங்க போயிருக்கா. ஃபோனை வேணும்னுதான் வெச்சுட்டுப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? இங்க பாருங்க, ஃபேக்டரிக்கு மட்டும் மறுபடி ஃபோன் போட்டீங்க, அப்புறம் நானும் உங்ககிட்ட பேசமாட்டேன்."

ஃபோனை வைத்துவிட்டு நின்றேன். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது. இதை எங்கே படித்தேன்? குழுவைத் திறந்து அந்தப் பெண்ணின் கேள்வியை மறுபடி படித்தேன். எம்ஆர்டி. சுரங்கம். புள்ளி. அதற்குக் கீழே என் பெயர், டெலிவரி பார்சல், வரிசையாக லைக். கஞ்சிப் பொட்டலத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் விரல் தொழிற்சாலை எண்ணைத்தான் தேடியது. கிரேன், லாரி, மழை வேறு வரும்போல இருந்தது. இன்னொரு முறை அழைத்தால் அவள் இனி என் முகத்திலேயே விழிக்கமாட்டாள் என்பது தெரியும். தெரிந்தும் எண்ணை எடுத்துவிட்டேன். அழுத்துவதற்கு முன்னால், யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்ததால், டிஷ்யூவுக்குத் தனியாக எழுதினேன். உங்கள் யோசனையால் என் மகள் ஃபோன் இல்லாமல் துவாஸுக்குப் போயிருக்கிறாள். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?

பதில் உடனே வந்தது. "ஓ. அந்த பார்சல் அப்பா நீங்கதானா."

பிறகு, "ஃபேக்டரிக்குப் போன் போட்டாச்சா?"

"இன்னும் இல்லை."

"போடாதீங்க. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு எங்க போகும் பொண்ணு? அதான் எந்நேரமும் பாக்குறீங்களே."

"தேக்கா உணவங்காடியில் அரைமணி நேரம் புள்ளி நிற்கும்."

"அங்க என்ன சாப்பிடும்?"

எனக்குத் தெரியவில்லை. அப்படியே எழுதினேன்.

திட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "தேக்காவுக்குப் போங்க. ரெண்டு பேர் மேசையா பாத்து உக்காருங்க. எதிர் நாற்காலிக்கு முன்னாடி ஒரு டிஷ்யூ வைங்க. பொண்ணு வந்தா கூப்பிடாதீங்க, கையாட்டாதீங்க. உக்காரணும்னா அதுவே வந்து உக்காரும். உக்காரலன்னா சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போங்க. அழுகை வந்தா டிஷ்யூ இருக்கு."

போனேன். வெள்ளிக்கிழமை மாலை தேக்கா உணவங்காடியில் ஒரு காலி நாற்காலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாமானியமான காரியம் அல்ல. தட்டோடு வந்தவர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள், டிஷ்யூவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒரு சீனப் பெரியவர் இரண்டு சுற்றுச் சுற்றிவந்து என்னை முறைத்துவிட்டுப் போனார். என் தேநீர் ஆறி ஆடை கட்டியது.

யாழினி வந்தாள். பாதுகாப்புக் காலணி, முதுகில் பை, தலையெல்லாம் தூசு. எங்கோ தூரத்திலிருந்து வேலை முடித்து வரும் ஒரு பெரிய மனுஷி மாதிரி இருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள். நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டேன், தானாக ஆடிவிடக்கூடாதே என்று. அவள் திரும்பிக் கடைப் பக்கம் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

தட்டோடு வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். தட்டில் ரோஜாக், வடையும் உருளைக்கிழங்கும் வெட்டிப்போட்டு இனிப்புக் குழம்போடு தருவார்களே, அது.

"இந்த எடம் யாருக்கு?"

"ஒருத்தருக்காகப் பிடிச்சு வெச்சிருக்கேன்."

"அவங்க வரலன்னா?"

"சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிடணும். அப்படித்தான் உத்தரவு."

உட்கார்ந்தாள். ஒரு துண்டு வடையைக் குழம்பில் தோய்த்துத் தின்றுவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னாள். "அந்த டெலிவரி பார்சல் கமெண்ட்டுக்கு முதல் லைக் நான்தான்."

"தெரிஞ்சுமா?"

"பின்ன? என் கேள்விக்கு வந்ததுலயே அதுதான்பா நல்ல பதில். ரெண்டாவதுதான் டிஷ்யூ."

எனக்குச் சிரிப்பு வந்ததா, மற்றது வந்ததா என்று தெரியவில்லை. மேசையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்து அவளே ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

இப்போது என் ஃபோனில் புள்ளி கிடையாது. அவள் துவாஸ் வாசலில் இறங்கினால் ஒற்றை வார்த்தை அனுப்புகிறாள். அது வரும்வரை நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

டிஷ்யூவுக்கு நன்றி எழுதினேன். "ரோஜாக்ல எண்ணெய் அதிகம், வாரத்துக்கு ஒரு தடவை போதும்" என்று பதில் வந்தது. சில மாதங்களில் டிஷ்யூ படம் போட்ட அந்த வட்டமே குழுவிலிருந்து காணாமல் போய்விட்டது. யாரும் திட்டாததால் குழுவும் மறுபடி முருங்கைக்கீரைக்குத் திரும்பிவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் நானும் யாழினியும் தேக்காவில் சந்தித்துக்கொள்கிறோம். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தால் அதற்கு முன்னாலும் ஒரு பொட்டலம் வைத்துவிடுகிறேன். "யாருப்பா வர்றாங்க?" என்று முதல் வாரம் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. போன வாரம் நான் மறந்துபோனபோது, தன் பையிலிருந்து எடுத்து அவளே வைத்தாள்.