ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்

"பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குதுடா. கரும்புகையப் பாரு, ஜெட்ட மாத்தணும்" என்றார் பெருமாள்.

"போன வாரம் நல்லாத்தானே ஓடிச்சு மாமா?" என்றான் ரவிகுமார்.

"போன வாரம் எனக்கு முட்டி வலி இல்ல, இந்த வாரம் கீது. இதுக்கெல்லாம் கணக்கு கேப்பியா?"

பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் உத்தியோகம் ரவிகுமாருக்கு. விடியுமுன் இந்தத் தங்கச் சுரங்க ஊரின் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் வீடு. எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது என்ற ஒரே வைத்தியம்தான் அவனுக்குத் தெரியும். இரட்டை சைலன்சர் வைத்த அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் அந்த வைத்தியத்துக்கு மசியவில்லை.

வண்டி அவனுடைய அப்பாவுடையது. சின்ன வயதில் அவனை டேங்கின் மேல் உட்கார்த்தி வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். அப்பா போன பிறகு தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஒரு தடவையாவது அதை ஓட்டிவிட வேண்டும் என்று ரவிகுமாருக்கு ஆசை. ஆசை என்று சொன்னால் குறைச்சல், ஏக்கம்.

மனைவி மமதாவுக்கு அந்த ஏக்கம் கிடையாது. "ஆயுத பூஜைக்குள்ள ஓடணும். இல்லன்னா மறுநாளே பழைய இரும்புக்காரன கூப்புட்டு எடுத்துனு போகச் சொல்லிடுவேன். மழை வந்தா துணி காயப் போட எனக்கு எடம் வேணாமா?" என்று சொல்லிவிட்டாள். மமதா சொன்னால் சொன்னதுதான்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த வைத்தியம். வைத்தியர்கள் இருவர். பக்கத்து வீட்டுப் பெருமாள் சுரங்கம் மூடும்வரை பள்ளத்துக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசர் ஹவுஸில் ஃபிட்டராக இருந்தவர். கோடி வீட்டு எரிக், ஆட்களைப் பள்ளத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜ் ஓட்டியவர். அவர்கள் இதை 'ஷிப்ட்' என்றுதான் சொல்வார்கள். சரியாக மணி அடித்தாற்போல் வந்துவிடுவார்கள்.

பெருமாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சுரங்கம் மூடி வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து அவர் கழற்றாத பொருள் கிடையாது. ஃபேன், இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், கடைசியில் மிக்ஸி. கழற்றுவதில் அவருக்கு ஈடு இணை கிடையாது. திரும்ப மாட்டும்போதுதான் எப்போதும் இரண்டு திருகு மீந்துவிடும். அவர் மனைவி தாயம்மா தேங்காய்ச் சட்னி அரைக்க ஒரு வருஷமாய்ப் பக்கத்து வீடுகளுக்கு அலைந்தாள். இந்த வண்டி வேலை ஆரம்பித்த பிறகுதான் புது மிக்ஸியே வாங்கினாள். ஷிப்டுக்கு டீயும் மசால் வடையும் அவள் உபயம்.

ஜெட் என்பது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் திருகு. சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கும். நடுவில் ஊசித் துளை. பெருமாள் சொன்னபடி இன்னும் சின்னத் துளையுள்ள ஜெட்டை மாட்டினார்கள். கழற்றிய பழைய ஜெட்டை மமதா கடுகு டப்பாவில் போட்டு வைத்தாள். சாயங்காலத்துக்குள் புகை நின்றது. பெருமாள் இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு உதைத்தால், வண்டி நேர்மாறாக நடந்துகொண்டது. புகையே இல்லை. 'பட் பட்' என்று வெடித்தது, சூடேறியது, நின்றது.

"மூச்சு முட்டுது" என்றார் பெருமாள். "அந்த ஏர் பில்டர் டப்பாவ கழட்டிப் போடு. அதான் காத்த அடைக்குது."

ரவிகுமார் செல்போனைப் பார்த்தான். பழைய வண்டிக்காரர்கள் எழுதுவதை ஒன்றுவிடாமல் படித்திருந்தான். "புதுசா கத்துக்கறவங்க ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணுமாம் மாமா. டப்பாவ எடுக்கவே கூடாதாம். அதுக்குள்ள நிக்கிற காத்தக் கணக்குப் போட்டுத்தான் கார்புரேட்டரையே செஞ்சிருக்காங்களாம். அத எடுத்தா வெடிக்கறது இன்னும் ஜாஸ்தியாகுமாம்."

"யாரு சொன்னது?"

"லண்டன்ல ஒருத்தரு."

"பத்தாயிரம் அடி பள்ளத்துக்கே காத்து குடுத்தவன்டா நான். லண்டன்காரன் எவ்ளோ அடிக்குக் குடுத்தான், கேட்டுச் சொல்லு."

லண்டன்காரரிடமிருந்து பதில் வருவதற்குள் டப்பா கீழே வந்துவிட்டது. அதன் இடத்தில் எரிக் எங்கிருந்தோ கொண்டுவந்த, வலை கிழிந்த திறந்த பில்டர் ஏறியது. வெடிப்பு இரண்டு மடங்காயிற்று. அதைச் சரிக்கட்ட, எல்லாவற்றையும்விடப் பெரிய ஜெட்டாகப் பார்த்து மாட்டினார்கள். இப்போது வண்டி கர்ஜித்தது.

"ஏறுடா!" என்றார் எரிக்.

ரவிகுமார் ஏறித் தெருவுக்கு வந்த நேரம்தான் காற்று கிளம்பியது. தங்கம் பிரித்த பிறகு சுரங்கத்தார் கொட்டிய மண் மலையான சயனைடு மேட்டிலிருந்து காற்று அடித்தால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். சோற்றுத் தட்டில்கூட மண் விழும். மூடியில்லாத கார்புரேட்டர் மட்டும் தப்புமா? மாவு மாதிரி மண் உள்ளே போய், ஆக்ஸிலரேட்டர் முழுசாகத் திறந்த நிலையில் இறுகிக்கொண்டது.

சாவியைத் திருப்பினால் வண்டி நிற்கும். ஆனால் போன வாரம்தான் எரிக், சாவி தேவையில்லாத சாமான் என்று ஒயரை நேராக முறுக்கிவிட்டிருந்தார்.

"நிக்கலே அங்கிள்!" என்று ரவிகுமார் கூவினான்.

எரிக்கின் கை பழக்கத்தில் ஓடியது. ஸ்பூனை எடுத்து டீ டம்ளரில் ஒரே அடி அடித்தார். கேஜுக்கு ஒரு மணி அடித்தால் 'நிறுத்து' என்று அர்த்தம். வண்டி பள்ளத்தில் வேலை பார்த்ததில்லை, அதனால் அதற்குப் புரியவில்லை. நேராகப் போய், தெருமுனை வீட்டுக் கங்கம்மாவின் கோழிக் கூண்டில் நுழைந்து நின்றது.

ரவிகுமாருக்கு முழங்கை சிராய்ப்போடு போயிற்று. கோழிகளுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் கங்கம்மா அன்று தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேசினாள்.

மண்ணைக் கழுவி எடுத்து, டப்பாவைத் திரும்ப மாட்டினார்கள். அடுத்த ஞாயிறு வண்டி கிளம்பவே இல்லை. உதைக்க உதைக்கப் பெட்ரோல் ஒழுகியது, ப்ளக் அடுப்புக்கரியாக வெளியே வந்தது. பெருமாள் ஒரு காரணம் சொன்னார், எரிக் வேறொன்று சொன்னார், இருவரும் சண்டை போட்டு, வடை வந்ததும் சமாதானமானார்கள். ஆயுத பூஜைக்கு அந்த வாரம்தான் மிச்சம்.

"இரும்புக்காரன் கிட்ட சொல்லிட்டேங்க" என்றாள் மமதா. குரலில் கோபம் இல்லை. அதுதான் ரவிகுமாருக்கு அதிகமாக வலித்தது.

பூஜையன்று காலையில் அவன் தனியாகக் கொட்டகைக்குப் போனான். போகிற வண்டிக்கு ஒரு பொட்டாவது வைத்து அனுப்பலாம் என்று பக்கெட்டில் தண்ணீர் கொண்டு போயிருந்தான். சக்கரம், டேங்க், சீட் எல்லாம் கழுவினான். அப்பாவின் கை பட்ட ஹேண்டில்பாரைத் துடைக்கும்போது அழுகையே வந்துவிட்டது. பூஜைக்கு ஒரு திருகுகூட அழுக்காக இருக்கக் கூடாதே என்று, காற்று நுழைகிற டப்பாவின் வாய்க்குள்ளும் கையை விட்டான்.

விரலில் துணி தட்டியது.

இழுத்தான். வந்துகொண்டே இருந்தது. நன்றாகச் சுருட்டித் திணித்த பச்சை நூல் புடவைத் துணி, ஒரு முழத்துக்கு மேல்.

அன்றைக்குக் கரும்புகை வந்தது இதனால்தான், ஜெட்டால் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. உள்ளே ஓடினான். "மமதா, அந்தக் கடுகு டப்பா!" என்றான். அப்பா காலத்து ஜெட்டைக் கடுகோடு அள்ளிவந்து ஊதி மாட்டினான். மற்றதையெல்லாம் அப்பா வைத்திருந்தபடியே வைத்தான். லண்டன்காரரை மனசில் கும்பிட்டுக்கொண்டு உதைத்தான்.

முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. புகையும் இல்லை, வெடிப்பும் இல்லை. 'டுபு டுபு டுபு' என்று அப்பா தெருமுனையில் திரும்பும்போது கேட்கிற அதே சத்தம்.

சத்தம் கேட்டுப் பெருமாளும் எரிக்கும் ஓடி வந்தார்கள். ரவிகுமார் துணியைத் தூக்கிக் காட்டினான்.

பெருமாள் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எலி" என்று தீர்ப்புச் சொன்னார். "கூடு கட்ட இழுத்துனு போயிருக்கு. நான் அப்பவே சொன்னேன், காத்துதான் கோளாறுன்னு."

"நீ எங்கடா எலின்னு சொன்னே?" என்றார் எரிக். ஆனால் சண்டையில் ருசி இல்லை.

மமதா இரும்புக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றாள். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பழம் நசுங்க வண்டி நகர்ந்தது. பின்சீட்டில் மமதா. பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட் வரைக்கும் போனார்கள். துணி காயப்போடும் பேச்சை மமதா எடுக்கவே இல்லை. அவன் தோளில் வைத்த கையையும் எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது கொட்டகை காலியாக இருந்தது. எரிக் போய்விட்டிருந்தார். "இனிமே இங்க நமக்கு இன்னா வேலைன்னு சொல்லிட்டுப் போனாரு உங்க பெருமாள் மாமா" என்றான் எதிர் வீட்டுச் சரத். ரவிகுமாருக்கு அவ்வளவு சந்தோஷத்திலும் மனசு ஓரத்தில் என்னவோ செய்தது.

வேலி ஓரமாகத் தாயம்மா வந்து நின்றாள். இன்றைக்குக் கையில் வடைத் தட்டு இல்லை. மமதா உள்ளே போகும்வரை காத்திருந்தாள்.

"ரவி, அந்தப் பச்சைத் துணிய தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல அத்தை, இங்கதான் கீது. எலி இழுத்துனு வந்ததுன்னு மாமா சொன்னாரு."

தாயம்மா தன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எலியும் இல்ல, பெருச்சாளியும் இல்லப்பா, நான்தான் ஒரு வாரம் சொருகி ஒரு வாரம் எடுத்துகினு இருந்தேன், உனக்குப் புண்ணியமாப் போவும், அத மறுபடியும் உள்ள தள்ளிடு, அந்த மனுஷன் இப்பவே என் புது மிக்ஸிய மடியில வெச்சிகினு ஸ்க்ரூ டிரைவர் தேடறாரு!"