நாலு முகப் பெட்டி

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் கம்பியூட்டர் நின்றுவிட்டது. அன்று காலையில் இது மூன்றாவது தடவை.

கோபிசங்கர் அதன் மேல் கையை வைத்துப் பார்த்தார். தோசைக்கல் மாதிரிச் சுட்டது. பக்க மூடி தொலைந்து இரண்டு வருடமாகிறது. திறந்து கிடந்த அந்த வயிற்றுக்குள் மேசை மின்விசிறி ஒன்று ஓயாமல் காற்றடித்துக்கொண்டிருந்தது. அப்படியும் பாதிரியார் வாயைத் திறந்தால் நிற்கும். மணமகள் தலை நிமிர்ந்தால் நிற்கும்.

அச்சுவேலியில் பதினைந்து வருடமாகக் கலியாண வீடியோ எடுக்கிறவர் அவர். எடுப்பதில் ஒரு குறையும் இல்லை. எடுத்ததை வெட்டி ஒட்டிக் கொடுப்பதற்குத்தான் இந்தக் கம்பியூட்டர் விடுவதில்லை.

கைபேசி அடித்தது. மணமகளின் தாய் மரியநாயகி.

"தம்பி, வீடியோ எந்த அளவிலை நிக்குது?"

"தாலிகட்டுக்கு வந்திட்டன் அம்மா."

"போன கிழமையும் தாலியிலைதானே நிண்டனீர்?"

"வடிவாச் செய்யவேணும்தானே அம்மா."

"கெதியாச் செய்யும். மகளுக்கு இப்ப நாலு மாசம். பேரப்பிள்ளை பிறந்து, அதுவும் மடியிலை இருந்து தாய் தேப்பன்ரை கலியாணத்தைப் பாக்கிற மாதிரி வைச்சிடாதையும்."

இனிச் சரிவராது. ஒரு பக்க மூடியும் அதில் ஒரு நல்ல மின்விசிறியும் போட்டால் தப்பலாம். கோபிசங்கர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலிக்குப் போனார்.

பலாலி வீதியிலிருந்து பிரிகிற ஒரு ஒழுங்கையில் கனிசியஸின் பட்டறை இருந்தது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை வெட்டுவான். கோயில்களுக்குச் சுரூபம் வைக்கிற கண்ணாடிக்கூடு செய்வான். கொஞ்ச நாளாகக் கம்பஸ் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர்ப் பெட்டியும் செய்து கொடுக்கிறான். கெட்டிக்காரன்.

உள்ளே போன கோபிசங்கர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

மேசையின் நடுவில் அது இருந்தது. ஒன்றரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். கறுப்பு அலுமினியத்தில் ஒரு சதுரப் பெட்டி. முன்பக்கம் முழுக்க ஒரு திரை. இடது பக்கத்தில் ஒன்று, வலது பக்கத்தில் ஒன்று. கனிசியஸ் ஆளியைத் தட்டினான். முன்திரையில் ஒரு மணமகள் சிரித்தாள். இடப்பக்கத் திரையில் வெட்ட வேண்டிய காட்சிகள் வரிசையாக நின்றன. வலப்பக்கத் திரை, பெட்டிக்குள் எவ்வளவு வெப்பம் என்று பச்சை எழுத்தில் காட்டியது. முப்பத்தாறு பாகை. சத்தம் என்று ஒன்று இல்லவே இல்லை.

கோபிசங்கருக்கு நெஞ்சு எரிந்தது. காலையில் தின்றது வெறும் பாண்தான். அதில் பழியைப் போட வழியில்லை.

"ஆருக்கடா தம்பி உது?"

"பேர் சொல்லக்கூடாதெண்டு கட்டளை அண்ணை. உங்கடை அச்சுவேலிப் பக்கந்தான். ஒரு வீடியோக்காரருக்கு."

பேர் சொல்லவும் வேண்டுமா? சுவரோரமாகப் புதிதாக வெட்டிய பெரிய அக்ரிலிக் எழுத்துகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. முதல் இரண்டு எழுத்து: நி, ரு.

நிருஷன்! தொழிலுக்கு வந்து நாலு வருடம். சுவிஸிலிருந்து மனைவியின் தமையன் ஒரு ட்ரோன் அனுப்பினான். அன்றிலிருந்து ஊரில் எல்லாருக்கும் தங்கள் கலியாணத்தை ஆகாயத்திலிருந்து பார்க்க ஆசை வந்துவிட்டது. கோபிசங்கரின் கையை விட்டு அந்த வருடமே ஏழு கலியாணம் பறந்து போயிற்று. இப்போது இந்தப் பெட்டி வேறு.

"நீங்களும் அதே தொழில்தானே அண்ணை," என்றான் கனிசியஸ். "வடிவாப் பாருங்கோ. ஏதும் மாத்தவேணுமெண்டால் சொல்லுங்கோ, செய்துவிடுறன்."

இதை அவன் சொல்லியிருக்காவிட்டால் கோபிசங்கர் நல்ல மனிதராகவே வீடு திரும்பியிருப்பார்.

அவர் பெட்டியை ஒரு தரம் சுற்றிவந்தார். தாடையைத் தடவினார்.

"நிறம் சரியில்லை."

"கறுப்புத்தானே அண்ணை எல்லாரும் கேக்கினம்?"

"கறுப்பு வெக்கையை இழுக்கும். அதோடை இது மங்களமான தொழில். ரோஸ் அடியும்."

"ரோஸோ?"

"கடும் ரோஸ்."

கனிசியஸ் பெட்டியைப் பார்த்தான், கோபிசங்கரைப் பார்த்தான். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, 'ரோஸ் – கடும்' என்று கொப்பியில் எழுதிக்கொண்டான்.

மோட்டார் சைக்கிள் வழியிலுள்ள ஊரெழுவைத் தாண்டும்வரை கோபிசங்கர் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் இறங்கியபோதுதான், வாங்கப்போன பக்க மூடி நினைவுக்கு வந்தது.

அவருடைய மனைவி உதயகலா கணித ஆசிரியை. மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எங்கையப்பா போட்டு வாறியள்?"

"கனிசியஸிட்டை. உவன் நிருஷனுக்கு அங்கை ஒரு பெட்டி செய்யுறான். மூண்டு பக்கமும் ஸ்கிரீன்."

"வடிவாயிருக்கோ?"

"வடிவாயிருக்கிறபடியால்தானே எரியுது! நல்லது எண்டால் எல்லாம் மற்றவனுக்குத்தான். என்ரை தலையிலை எழுதினது மேசை ஃபேன்."

உதயகலா விடைத்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். தாள் குலுங்கியது. தன் கஷ்டம் அவளுக்குப் பகிடியாகப் போய்விட்டதே என்று கோபிசங்கர் இன்னும் நொந்துபோனார்.

இரண்டு நாள்தான் பொறுத்திருக்க முடிந்தது. மூன்றாம் நாள், பக்க மூடி என்ற சாட்டோடு திரும்பவும் பட்டறைக்குப் போனார். வாசலில் ஒரு சிறு கூட்டம். கம்பஸ் பிள்ளைகள் இரண்டு பேர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரோஸ் எவ்வளவு எடுப்பாயிருக்கு, என்னடி?"

"ஓமடி. கறுப்பெண்டால் ஆர் திரும்பிப் பாக்கப்போறது?"

கோபிசங்கர் பெட்டியை உற்றுப் பார்த்தார். அசிங்கமாக்கும் என்று நினைத்துச் சொன்ன நிறம், அந்தப் பெட்டிக்குப் புதுப்பெண் களையைக் கொடுத்திருந்தது. நிருஷனுக்கு நல்லது செய்துவிட்டோமே!

பிள்ளைகள் போனதும் கனிசியஸ் அருகில் வந்து மெல்லக் கேட்டான்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். உது ஆருக்கெண்டு உங்களுக்கு விளங்கிட்டுதோ?"

"முதல்நாளே விளங்கிட்டுது."

கனிசியஸ் பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் போல மூச்சுவிட்டான்.

"அப்ப நல்லதாப் போச்சு. எனக்குத்தான் மனசு அந்தரப்பட்டுக்கொண்டு கிடந்தது. இனி ஒளிப்பு மறைப்பில்லை. என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ."

தன் எரிச்சலைப் புரிந்துகொண்ட ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கிறதே என்று கோபிசங்கருக்கு ஆறுதலாக இருந்தது. கூசாமல் சொன்னார்.

"பின்பக்கமும் ஒரு ஸ்கிரீன் போடும்."

"பின்பக்கம் சுவரைத்தானே பாத்துக்கொண்டிருக்கும்?"

"பாக்கட்டும். அதோடை, மேலை ஒரு கைபிடி. பெரிசாய். தூக்கிக்கொண்டு திரியவேணும்."

"கைபிடி பூட்டினால் மேலை காத்துப் போற ஓட்டை மூடுப்படுமே அண்ணை."

"காத்து ஒரு வழியைக் கண்டுபிடிக்கும்."

கொப்பியில் இரண்டு வரி ஏறியது. பக்க மூடி அன்றும் மறந்துபோயிற்று. அதன் பலன் அடுத்த நாளே தெரிந்தது. கோபிசங்கர் இரண்டாவது மின்விசிறியையும் பொருத்தி, மாப்பிள்ளையின் கையில் தாலியைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். 'டப்' என்று ஒரு சத்தம். வீட்டில் கரண்ட் போயிற்று. கம்பியூட்டரிலிருந்து மெல்லிய புகை எழுந்து, இரண்டு மின்விசிறியின் காற்றிலும் அறை முழுக்கப் பரவியது. மரியநாயகி கைபேசியில் அழைத்தபோது உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று பின்னேரம் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நிருஷன். பின்னால் ஒரு பெட்டியைக் கட்டியிருந்தான்.

"அண்ணை, மரியநாயகி அம்மா என்னட்டை வந்தவ. உங்கடை வேலையை என்னைச் செய்துதரச் சொன்னா. நான் மாட்டனெண்டிட்டன். ஆனா உங்கடை மெசின் பழுதாப் போச்செண்டு சொன்னா. அதுதான், என்ரையைக் கொண்டந்தன். வைச்சிருங்கோ."

"அப்ப உனக்கு?"

"எனக்கு இனி உது தேவைப்படாதண்ணை."

தேவைப்படாது! நாலு திரைப் பெட்டி வரப்போகிறவனுக்கு இது எதற்கு? பழையதை எனக்குத் தானம் பண்ணுகிறான்! கோபிசங்கர் சிரித்த முகத்தோடு கம்பியூட்டரை வாங்கி வைத்தார். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். நிருஷன் ஒழுங்கை திரும்பியதும், நேரே திருநெல்வேலிக்குப் பறந்தார்.

பெட்டி முடிகிற தறுவாயில் இருந்தது. நாலு பக்கமும் நாலு திரை, கடும் ரோஸ், தலையில் ஒரு கைபிடி. பார்த்தால் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோகிற பெட்டி மாதிரி இருந்தது. கோபிசங்கருக்கு அது போதவில்லை.

"ஓன் பண்ணேக்கை ஒரு சத்தம் வரவேணும். கெட்டிமேளம்."

"ஒவ்வொருக்காலுமோ அண்ணை?"

"ஒவ்வொருக்காலும். நிப்பாட்டவே ஏலாத மாதிரி."

கனிசியஸ் எழுதினான். கோபிசங்கர் முன்திரைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தை விரலால் தொட்டார். மச்சான் அனுப்பிய ட்ரோனில் பிழைக்கிறவனுக்கு வாழ்நாள் முழுக்கக் கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒரு வசனம் அவர் மனதில் கிடந்தது.

"இதிலை எழுத்து வெட்டும். பொன் நிறத்திலை. 'மனைவி தந்த வாழ்வு' எண்டு."

கனிசியஸின் பென்சில் நின்றது. அவன் கண் கலங்கியதைக் கோபிசங்கர் கண்டார்.

"அண்ணை, உப்பிடிச் சொல்ல ஆருக்கு மனம் வரும்! அவ பாத்தா அழுதிடுவா."

"அழட்டும்," என்றார் கோபிசங்கர்.

நிருஷனின் கம்பியூட்டரில் மாப்பிள்ளை ஒரே மூச்சில் தாலியைக் கட்டினான். ஒரு கிழமையில் வேலை முடிந்தது. மரியநாயகி வீடியோவை வாங்கிக்கொண்டு, "தம்பி, உமக்கு இப்பதான் கை வந்திருக்கு," என்று பாராட்டினார். அந்தப் பாராட்டும் நிருஷனின் கம்பியூட்டருக்கு உரியது என்று கோபிசங்கருக்குத் தெரியும். அவனிடம் ஒரு நன்றி சொல்லவில்லையே என்றும் ஒரு கணம் தோன்றியது. பெட்டி போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம் என்று அதைத் தள்ளி வைத்தார்.

சனிக்கிழமை பின்னேரம் பெட்டி அச்சுவேலிக்குப் போகிறது என்று கனிசியஸ் சொல்லியிருந்தான். அன்று உதயகலா புதுச் சேலை உடுத்திருந்தாள்.

"இண்டைக்குப் பின்னேரம் வீட்டிலை நிக்கிறியளோ?"

"ஒரு அலுவல் கிடக்கு. வந்திடுவன்."

நிருஷனின் ஒழுங்கை முகப்பில் ஒரு தேத்தண்ணிக்கடை. வீதிப் பக்கம் பார்த்துப் போட்டிருந்த வாங்கில் கோபிசங்கர் இடம் பிடித்தார். பெட்டியைப் பார்க்கிறபோது அவன் முகம் போகிற போக்கைக் காணாமல் அவர் வீட்டுக்குப் போவதாக இல்லை. இரண்டாவது பிளேன்ரீ பாதி முடிந்தபோது, நிருஷனே மோட்டார் சைக்கிளில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்னண்ணை, இந்தப் பக்கம்?"

"சும்மாதான். உனக்கு இண்டைக்கு ஏதோ சாமான் வருதாமே, கனிசியஸிட்டையிருந்து?"

"போர்டோ? அது நேற்றே வந்திட்டுது. 'நிரு ட்ரோன் மருந்து தெளிப்பு'."

"என்ன தெளிப்பு?"

"தோட்டத்துக்கு மருந்தண்ணை. வெங்காயம், புகையிலை எல்லாத்துக்கும் ட்ரோனாலை அடிக்கப்போறன். கலியாணவீடு இனி வேண்டாம். வெங்காயமெண்டால், வீடியோ எங்கையெண்டு போன் எடுக்காதெல்லோ?"

கோபிசங்கர் பிளேன்ரீயை வாங்கில் வைத்தார்.

"அப்ப... அந்த நாலு ஸ்கிரீன் பெட்டி?"

"எந்தப் பெட்டியண்ணை?"

அவர் வாய் திறப்பதற்குள் ஒரு ஓட்டோ வந்து கடை வாசலில் நின்றது. பின் இருக்கையில், பொலித்தீன் சுற்றிய கடும் ரோஸ் பெட்டி ஒன்று கைபிடியோடு குந்தியிருந்தது. வெயில் பட்டுப் பொன் எழுத்து மினுங்கியது. ஓட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணை, உதயகலா ரீச்சரின்ரை வீடு எது? அவ தன்ரை மனுசனுக்குக் கலியாணநாள் பரிசாச் செய்விச்ச பெட்டி. நிறத்திலையிருந்து எழுத்து வரைக்கும் அந்த மனுசனே வந்து நிண்டு, ஒவ்வொண்டாய்ச் சொல்லிச் செய்விச்சவராம்!"